மண்டபத்து வாசலில் நிற்பவர் யார்?
இசையாளர் பட்டியல்களும் நமது பதிவேடும்

2024 மார்ச்சில், சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டுக்கான சங்கீத கலாநிதி பட்டத்தை டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்தது. அறிவித்த சில நாட்களுக்குள் பாடகர்கள் சிலர், இந்த முறை டிசம்பர் விழாவில் நாங்கள் பாடமாட்டோம் என்று பகிரங்கமாக விலகிக்கொண்டார்கள். பட்டத்தோடு சேர்த்து எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் வழங்கப்படும் பணப்பரிசைப் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்சநீதிமன்றம் வரைக்கும் போனது. இத்தனை அமளியிலும் கிருஷ்ணாவுக்குப் பாடத் தெரியாது என்று சொன்னவர் அரிது. அவர் பெரியாரைப் புகழ்ந்தார், சபாக்களுக்குள் இருக்கும் சாதியைப் பேசினார், முன்னோர்களைக் குறைத்துப் பேசினார் என்பவைதான் குற்றச்சாட்டுகள். 2018இல், இயேசுவைப் பற்றியும் அல்லாஹ்வைப் பற்றியும் மாதம் ஒரு கர்நாடக இசைப் பாடல் வெளியிடுவேன் என்று அறிவித்தவரும் இவர்தான். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்துக்கு மார்கழிக் கச்சேரியைக் கொண்டுபோனவர்களுள் ஒருவரும் இவர்தான்.

நமக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். நான் மன்னார்த் தீவில், தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் இந்த விவகாரம் ஒரு கிழமைக்கு மேல் ஓடியது. கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருக்கிற அறை அது. பேச்சு மெல்ல மெல்லக் கிருஷ்ணாவை விட்டுவிட்டு எங்களிடமே வந்து நின்றது. "சரி, உங்கட ஆக்களில ஒரு பத்துப் பேர் சொல்லுங்கோ பார்ப்பம், ஆரை அந்த மண்டபத்துக்குள்ள வைப்பீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பத்துப் பெயர் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் எந்தப் புகழ் மண்டபத்திலும் "இவர் தகுதியானவரா?" என்ற கேள்வி எழுவதற்கு முன்பே வேறு மூன்று கேள்விகளுக்கு யாரோ விடை எழுதி முடித்திருப்பார்கள். வாசலில் நின்று ஆளைப் பார்த்து விடுபவர் யார்? அவர் கையில் இருக்கும் அளவுகோல் எது? கதவு எந்தக் காலத்தில் திறக்கப்பட்டது? இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் பட்டியலைப் பார்த்து வரும் கோபத்தில் பாதி தணிந்துவிடும். மீதிப் பாதி நாம் செய்யவேண்டிய ஒரு வேலையாக மாறும்.

அகாடமியின் கதவு

மியூசிக் அகாடமி, 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பிள்ளை. 1928இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாநாட்டுக்கு ஒரு வித்துவான் தலைமை தாங்குவார். அப்படித் தலைமை தாங்குபவருக்கு வழங்கும் பட்டமாகத்தான் 1942இல் சங்கீத கலாநிதி வந்தது. தெரிவு செய்வது அகாடமியின் நிர்வாகக் குழு. ஆக, இது ஒரு நிறுவனம் தன் மாநாட்டுத் தலைவருக்குக் கொடுக்கும் மரியாதை. நாளடைவில் ஊர் அதைக் கர்நாடக இசையின் உச்சிப் பட்டமாக ஏற்றுக்கொண்டது.

இனி ஆண்டுகளைப் பாருங்கள். மிருதங்கத்துக்கு முதன்முதலில் அந்தப் பட்டம் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை பக்கவாத்தியக்காரர் பக்கத்திலேயே இருந்தார். பெண் ஒருவருக்கு முதன்முதலில் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. அகாடமி தொடங்கி நாற்பது வருடங்களுக்குப் பிறகு. பரதநாட்டியத்தின் பாலசரஸ்வதிக்கு 1973இல். ஷேக் சின்ன மௌலானா சாஹிபுக்கு 1998இல்.

கிடைக்காதவர்களின் வரிசையும் உண்டு. தோடி என்றால் அவர் பெயர் சொல்லாமல் பேச்சு முடியாது என்கிற அளவுக்கு வாசித்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார்; சங்கீத கலாநிதி இல்லை. வீணை எஸ். பாலசந்தருக்கு இல்லை. விளம்ப காலத்தில் பாடிப் பாடியே தனக்கென்று ஓர் ஆசனம் போட்டுக்கொண்ட எம்.டி. ராமநாதனுக்கும் இல்லை. இவர்களின் இசையைக் குறைவென்று இன்று சொல்பவர் இல்லை. பட்டியல் அவர்களை விட்டுவிட்டது. கேட்கிற காது விடவில்லை.

திருவையாற்றில் இன்னொரு கதவு இருந்தது. தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. தியாகராஜரின் சமாதி இருந்த இடத்தைத் தன் பணத்தில் வாங்கி, அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கோயிலைக் கட்டியவளுக்கே அதன் முற்றத்தில் பாட இடமில்லை என்ற நிலை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றாகின.

மொழிக்கும் ஒரு கதவு இருந்தது. கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் மேலோங்கியிருக்க, தமிழ்ப் பாட்டு துக்கடாவாகக் கடைசியில் வந்தது. 1940களில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கம் அதை எதிர்த்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. பிறகு அந்தச் சங்கமும் இசைப்பேரறிஞர் என்று தன் சொந்தப் பட்டத்தைக் கொடுக்கத் தொடங்கியது. கதவு திறக்காத இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு மண்டபம் கட்டுவது நம் பகுதியில் பழகிய வழிதான். ஆனால் புதிய மண்டபத்துக்கும் ஒரு வாசல் இருக்கும், அங்கும் ஒருவர் நிற்பார்.

இது நம்மவர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் பேம் என்ற அமைப்பு 1983இல் தொடங்கியது. முதல் இசைத்தட்டு வெளியாகி இருபத்தைந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும் என்பது விதி. 1986இல் முதல் தொகுதியை அறிவித்தபோது அதில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த ஆண்டுதான் அரீதா பிராங்க்ளின் உள்ளே போனார். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் வென்னர், கறுப்பினத்தவரையும் பெண்களையும் பற்றி 2023இல் சொன்ன சில வார்த்தைகளுக்காக அதன் நிர்வாக சபையிலிருந்து நீக்கப்பட்டார். வாசலில் நின்றவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பது நாற்பது வருடம் கழித்து வெளியே வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழுவோ 2006இல் உங்கள் மண்டபமே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி வராமல் விட்டது.

நம் வாசலில் நிற்பவர்

பிறர் வாசலைப் பற்றிப் பேசுவது சுகம். நம் வாசலுக்கு வருவோம்.

ஆசிரியர் அறையில் அந்தக் கேள்வி வந்ததும் நான் முதலில் சொன்ன பெயர் ஷேக் சின்ன மௌலானா. 1924இல் ஆந்திராவின் கரவதியில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் வந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்து, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, பிறகு ஸ்ரீரங்கத்திலேயே வீடு போட்டுக்கொண்டு, அங்கே ஒரு நாகஸ்வரப் பள்ளியும் நடத்தினார். 1999இல் மறைந்தார். அவர் வழியில் வந்த காலீஷாபி, மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வடக்கே பனாரஸில், கங்கைக் கரையில் ஷெனாய் வாசித்த உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கானுக்கு 2001இல் பாரத ரத்னா.

நான் சொல்லி முடிக்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒரு நானா குறுக்கிட்டார். "டீச்சர், அவர் பெரிய வித்துவான், அதுல சந்தேகமில்ல. ஆனா கோயில்ல வாசிச்சவர எங்கட பட்டியல்ல எப்படிப் போடுறது?"

அடுத்து முஹைதீன் பேக். சேலத்தில் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்கு வந்து, 1947இல் வெளிவந்த அசோகமாலா முதல் சிங்களத் திரைப்படங்களில் பாடியவர். வெசாக் காலத்தில் கொழும்பில் பந்தல்களுக்குக் கீழே நடந்து போனால் இன்றைக்கும் அவர் குரல்தான். பௌத்த பக்திப் பாடல்களின் குரலாக ஆகிப்போன அவர், 1991இல் மறையும் வரைக்கும் முஸ்லிமாகவே வாழ்ந்தார். "அவரும் எங்கட பட்டியலோ?" என்று மறுபடியும் கேள்வி. சிங்களத்தில் பாடினார் என்பதால் தமிழர் பட்டியலில் அவர் இல்லை. பௌத்தப் பாட்டுப் பாடினார் என்பதால் முஸ்லிம்கள் தயங்குகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், ஒழுங்கையில் நிற்கிறார்.

மூன்றாவது பெயருக்கு எதிர்ப்பே இல்லை: நாகூர் இ.எம். ஹனிபா. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் கேட்பது அவர் குரல். நோன்பு கால சஹர் நேரமென்றாலும் அவர்தான். அதே குரல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளிலும் முழங்கியது. ஆனால் எந்தச் சங்கீத சபாவின் அளவுகோலிலும் அவரை நிறுத்த முடியாது. அந்த அளவுகோல் ராக ஆலாபனையையும் நிரவலையும் அளக்கும். மைல் கணக்கில் கேட்கிற குரலையும், எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு உம்மாவின் வாயில் ஐம்பது வருடம் தங்கிப்போன பாட்டையும் அளக்க அதில் கோடு போடப்படவில்லை.

அப்போது அறையில் இருந்த இன்னொருவர், இளையவர், மிக மரியாதையாக ஒரு வேறு கேள்வி கேட்டார். மார்க்கத்தில் இசைக்கே இடமிருக்கிறதா என்பது தீராமல், இசையாளருக்குப் பட்டியல் எதற்கு?

இது அலட்சியமாகத் தள்ளும் கேள்வியல்ல. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அபித்துன்யா இசைக் கருவிகளையும் கேளிக்கையையும் கண்டித்துத் தனி நூலே எழுதினார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமா, அதாவது கேட்டல், பற்றி ஒரு முழுப் பகுதி எழுதி, எது எப்போது யாருக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துக் காட்டினார். ஆயிரம் வருடமாக உலமாக்கள் பேசும் விஷயத்தை ஓர் ஆசிரியர் அறையில் தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டியதும் இல்லை. மக்கள் என்ன பாடினார்கள், யார் பாடினார்கள், அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது வரலாற்று வேலை. பாடியவர் செய்தது சரியா என்ற தீர்ப்பு வேறு வேலை. கவிதை பற்றியும் இப்படி வாதங்கள் இருந்தன. ஆனாலும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும், காயல்பட்டணம் காசிம் புலவரின் திருப்புகழையும், குணங்குடியாரின் பாடல்களையும் நம் முன்னோர் அச்சில் ஏற்றித்தான் வைத்தார்கள். ஏற்றியதால்தான் பல்கலைக்கழகத்தில் நாம் அவற்றைப் படித்தோம். ஆமோதிப்பவரும் மறுப்பவரும் பேசுவதற்குப் பாட்டு முதலில் கையில் இருக்க வேண்டும்.

கலீபா கேட்ட நூறு பாடல்கள்

"இஸ்லாமிய நாகரிகத்தில் இப்படியெல்லாம் பட்டியல் போட்டார்களா?" என்று அந்த இளைய ஆசிரியர் மேலும் கேட்டார். போட்டார்கள். இந்த விவாதத்தின் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்று பக்தாதில்தான் இருக்கிறது.

அப்பாஸியக் கலீபா ஹாரூன் அர்-ரஷீத், தன் அரசவையின் பாடகர்கள் மூவரிடம் அரபுப் பாடல்களில் நூறைத் தெரிந்து தரச் சொன்னார். அவர்களுள் தலையானவர் இப்ராஹீம் அல்-மவ்ஸிலி. நூறும் வந்தது. அதிலிருந்து பத்தைத் தெரியுங்கள் என்றார். பத்தும் வந்தது. அதிலிருந்து மூன்று என்றார். சுமார் நூற்றைம்பது வருடம் கழித்து, அபுல் பரஜ் அல்-இஸ்பஹானி அந்தப் பட்டியலை அடித்தளமாக வைத்து ஒரு நூல் எழுதினார். அதுதான் கிதாபுல் அகானி, பாடல்களின் நூல். அவர் வாழ்ந்த காலம் கி.பி. 897 முதல் 967 வரை.

நூலைத் திறந்ததும் சண்டை தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று பாடல்கள் எவை என்பதில் இரண்டு அறிவிப்புகள் இருக்கின்றன. ஒன்றின்படி இப்னு ஸுரைஜ், மஅபத், இப்னு முஹ்ரிஸ் ஆகிய பழைய ஹிஜாஸ் மேதைகளின் பாடல்கள். இன்னொன்றின்படி, அந்த மூன்றில் ஒன்று இப்ராஹீம் அல்-மவ்ஸிலியின் சொந்தப் பாட்டு! தெரிவுக் குழுவில் இருந்தவரே தன் பாட்டை முதல் மூன்றுக்குள் வைத்தாரா? அபுல் பரஜ் முதல் அறிவிப்பின் பக்கமே நிற்கிறார். அகாடமி, ஹோல் ஒஃப் பேம் எல்லாம் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால், வாசலில் நிற்பவர் தன்னையே உள்ளே விடலாமா என்ற கேள்வி பக்தாதில் எழுந்திருக்கிறது.

நமக்கு வேண்டிய பாடம் இதற்கு அடுத்து வருகிறது. அபுல் பரஜ் பட்டியலோடு நிற்கவில்லை. ஒரு பாடலைச் சொன்னால், அதன் சொற்களை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், எந்தத் தாளம், ஊதுக் கருவியில் எந்த விரல், எந்தத் தந்தி என்று குறிப்பார். பிறகு அந்தக் கவிஞரின் கதை, அந்தப் பாடகரின் கதை, அவர் யாரிடம் கற்றார் என்பது. ஒவ்வொரு செய்திக்கும் ஹதீஸ் நூல்களைப் போலவே இஸ்னாத்: இதை எனக்குச் சொன்னவர் இவர், அவருக்குச் சொன்னவர் இவர் என்று ஒரு சங்கிலி. அரசர் கேட்ட நூறு பாட்டு இருபதுக்கு மேற்பட்ட பாகங்களாக அச்சாகும் நூலாக விரிந்தது அப்படித்தான்.

அதனால் என்ன நடந்தது? மதீனாவில் விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணாக வாழ்ந்து, தன் வீட்டையே இசைப் பள்ளியாக்கிய ஜமீலாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. அஸ்ஸா அல்-மைலாவின் பெயர் தெரிகிறது. மஅபத் போன்ற மேதைக்குக் கற்பித்தவர்களுள் ஜமீலாவும் ஒருவர் என்பது தெரிகிறது. கலீபாவின் மூன்று பாட்டுகளும் எப்படி ஒலித்தன என்று இன்றைக்குப் பாடிக்காட்ட ஒருவராலும் முடியாது. மெட்டுகள் காற்றோடு போய்விட்டன. பாடியவர்களும், அவர்களுக்குக் கற்பித்த பெண்களும் எழுத்தில் இருக்கிறார்கள். முதல் மூன்றுக்குள் வராதவர்களுக்கும் அந்த நூலில் இடம் கிடைத்தது. பட்டியலின் வாசல் ஒடுக்கமாக இருந்தாலும் பதிவேட்டின் வாசல் அகலமாக இருந்ததால் வந்த பலன் இது.

மன்னாரில் யார் பெயர் எழுதுவது?

அதே கிழமையில் பத்தாம் ஆண்டு வகுப்பில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் போட்டேன். பத்துப் பெயர் எழுதுங்கள் என்றேன். இளையராஜா, ரஹ்மான், எஸ்.பி.பி., சித்ரா என்று பட்டியல் ஒரே மாதிரி வந்தது. பின்வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் எழும்பி, "எங்கட ஊர் அண்ணாவியாரை எழுதலாமோ ரீச்சர்?" என்றான். பக்கத்தில் இருந்தவள் உடனே, "அவர் ரீவீயில ஒருக்காலும் வரேல்லையே" என்றாள். அவன் விடவில்லை: "ஓம், ஆனா ஒரு இரவு முழுக்க ஆறு பேருக்குப் பாட்டு எடுத்துக் குடுக்கிறவர். எல்லாம் மனப்பாடம்."

அந்தச் சின்ன வாதத்துக்குள் மூன்று கேள்விகளும் இருந்தன. அவளுடைய அளவுகோல் தொலைக்காட்சி. அவனுடையது விடிய விடிய நிற்கும் தொண்டையும் ஞாபகமும். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தை ஒரு முறை விடியும் வரை இருந்து பார்த்தவர்கள், அவன் சொன்னது சின்ன அளவுகோல் இல்லை என்று ஒப்புக்கொள்வார்கள். மத்தளமும் சல்லரியும் போக, முழுக் கூத்தையும் தாங்குவது அண்ணாவியாரின் குரல். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் அப்படித்தான். அவர் தவறினால் இத்தனை பேரின் கையும் ஒன்றாக இழுக்காது. வலை கரைக்கு வருவதே அந்தப் பாட்டால்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த வரிசையில் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்கள் அச்சேறின. எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி போன்ற நாடகங்களும் அச்சேறின. அது பெரிய தொண்டு. அந்தக் காலத்தில் அது நடந்திராவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்று காட்ட ஒன்றும் இருந்திராது. ஆனாலும் நாட்டார் பாடல் தொகுப்பு எதை எடுத்தாலும் பாட்டு இருக்கும், பாடிய வாய் யாருடையது என்பது பெரும்பாலும் இருக்காது. "மக்கள் பாடியது" என்று சொல்லிவிடுவோம். மக்களில் ஒருவர்தான் அதைப் பாடியிருப்பார். அவருக்குப் பெயர் இருந்திருக்கும்.

நம் சமூகத்தில் நிலைமை இன்னும் மோசம். மன்னார்ப் பகுதி முஸ்லிம்களிடம் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தாயிராவோடு ஊருக்கு ஊர் வந்த பாவாமாரின் பைத்துகள், மவ்லிது, ராத்திபு, நோன்பில் ஓதிய முனாஜாத்து, ராகம் போட்டுச் சீறா படித்துப் பொருள் சொன்ன பெரியவர்கள், பிள்ளை தாலாட்டு, கல்யாண வீட்டில் பெண்கள் பகுதிக்குள் மட்டும் பாடிய பாட்டுகள் எல்லாம் இருந்தன. என் உம்மாவின் தாயாரிடம் அரபுத்தமிழில் எழுதிய ஒரு கொப்பி இருந்தது. முனாஜாத்துகளும் தாலாட்டுகளும் அவர் கையெழுத்தில். பிள்ளைப்பெத்த வீடுகளுக்கு அவரைப் பாடக் கூப்பிடுவார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் முழுக்க வெளியேற்றப்பட்டபோது, எங்கள் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். எடுத்துக்கொண்டு போக முடிந்தது கொஞ்சம்தான். கொப்பி அலுமாரியில் இருந்தது. புத்தளத்து முகாமில் அவர் மனதில் இருந்ததைப் பாடுவார். எழுத ஒருவருக்கும் தோன்றிய காலமில்லை அது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம். அவர் அங்கேயே மௌத்தானார். எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கொப்பியோ ஒரு குரலோ உண்டு. மீண்டும் வந்து குடியேறியவர்களில், 1990க்கு முந்திய பாட்டைப் பெரிய ஆளாக இருந்து கேட்டவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது, எண்பது வயது.

அதனால்தான் பத்துப் பேர் பட்டியலில் எனக்கு அவசரம் இல்லை. பட்டியல் பத்து வருடம் கழித்தும் போடலாம். பதிவுக்கு அந்தத் தவணை கிடையாது.

செய்யக்கூடியது

கைத்தொலைபேசி இல்லாத வீடு இல்லை. ஒரு பள்ளிக்கூட மாணவர் மன்றமோ, பள்ளிவாசல் வாலிபர் சங்கமோ, இந்தச் சஞ்சிகையின் வாசகர் வட்டமோ இதைச் செய்யலாம். அபுல் பரஜ் காட்டிய வழியிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து விஷயம் எழுத வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர். அவர் யாரிடமிருந்து கற்றார், அந்த ஆள் யாரிடமிருந்து. எந்த வேளையில் பாடுவது: கல்யாணமா, மரணமா, பிள்ளைப்பேறா, வலை இழுக்கவா. சொற்கள் முழுமையாக. பாடும்போது கையில் என்ன இருந்தது: தாயிராவா, றபானா, தொட்டில் கயிறா. நம் சமூகத்துக்கு இஸ்னாத் என்ற சொல் புதிதல்ல; அதே ஒழுங்கைப் பாட்டுக்கும் கைக்கொண்டால் போதும்.

பெண்களின் குரல் பற்றித் தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம். அதற்காக அவர்களை விட்டுவிட்டால் தாலாட்டு முழுவதும் போய்விடும். பெண்களே போய் எழுதலாம். குரலைப் பதிய விரும்பாதவரிடம் சொற்களை மட்டும் கேட்டு எழுதலாம். பதிந்தால், யார் கேட்கலாம் என்று அவரே சொல்லட்டும். அதை எழுதி ஒட்டி வைக்கலாம். பெயர் போட வேண்டாம் என்பவருக்கு ஊரையும் வயதையும் போடலாம். ஒன்றும் இல்லாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிரதி ஒன்றாக இருக்கக் கூடாது. ஓர் அலுமாரியில் இருந்த ஒரே கொப்பி என்ன ஆனது என்பது வடக்கு முஸ்லிம்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிரதி ஊரில், ஒன்று வேறு மாவட்டத்தில் உள்ள உறவினரிடம், ஒன்று எண்ணிம வடிவில். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கும் கொடுக்கலாம்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு, பட்டியல் போட ஆசைப்படுபவர்கள் தாராளமாகப் போடட்டும். அப்போது ஷேக் சின்ன மௌலானா நம் பட்டியலில் வருவாரா என்று யாரும் கேட்டால், என் விடை: வருவார். அவர் எங்கே வாசித்தார் என்பதையும் ஒளிக்காமல் எழுதுவேன். முஹைதீன் பேக்கும் வருவார். அவர் எதைப் பாடினார் என்பதோடு சேர்த்து. ஹனிபா வருவார், கழக மேடையோடும் தர்கா வாசலோடும். தாழ்வுபாட்டு அண்ணாவியார் நம் மதத்தவர் இல்லை. மன்னார்ப் பதிவேடு என்று ஒன்று எழுதினால் அவரை விட்டு எழுத எனக்குக் கை வராது. அவருடைய பெயரை அந்த மாணவனே போய்க் கேட்டு, யாரிடம் பழகினார் என்பதையும் சேர்த்து, தவணை முடிவதற்குள் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் ஆசிரியர் அறை நானாவும் தன் பங்குக்கு, ஊரில் சீறா படிக்கத் தெரிந்த ஒரே பெரியவரிடம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போவதாக இருக்கிறார்.